வந்தவர்க்கும் வரப்போகிறவர்க்கும்



மும்மணிகளை வணங்கி, இந்தப் பௌர்ணமி நாளில் ஒரு மாணவர் இல்லத்தைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம். தரும உபதேசத்தில் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் என்ன வேலை என்று சிலர் வினவலாம். விநய பிடகத்தைப் பயின்றவர் அவ்வாறு வினவார். கதவும் தாழ்ப்பாளும், கிணறும் வடிகாலும், கட்டிலும் மிதியடியும் ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் பகவன் புத்தர் பிக்குகளுக்கு நெறி வகுத்திருக்கின்றார். ஒருவன் மனத்தில் கொண்ட தருமம் மெய்யானதா என்பது, அவன் அடுத்த பாயில் படுத்திருப்பவனை நடத்தும் முறையிலே வெளிப்பட்டுவிடும் அன்றோ? ஆதலின் வீடு கட்டுவதும் தருமத்தைச் சார்ந்த காரியமே.

புது தில்லியில் மந்திர் மார்க் என்றொரு சாலை உண்டு. கோயில் வீதி என்பது அப்பெயரின் பொருள். ஆங்கிலேயர் ஆட்சியில் அதற்கு ரீடிங் சாலை என்று பெயர். இராசப் பிரதிநிதியாயிருந்த ரீடிங் பிரபுவை நினைந்து இட்ட பெயர் அது. இச்சாலையில் பிர்லாக்கள் எடுப்பித்த இலட்சுமிநாராயணர் கோயில் இருக்கின்றது. அதன் அருகிலேயே மகாபோதி சங்கத்தாரின் புத்த விகாரை அமைந்துள்ளது. இரண்டும் 1939ஆம் ஆண்டில் காந்தியாரால் திறந்துவைக்கப்பெற்றன. எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையின் மேலேயே கோயிலைத் திறக்க அவர் இசைந்தார் என்பதும் வரலாறு. வங்காளியரின் காளிபாரியும், கிறித்தவர்களின் புனித தோமையார் ஆலயமும், வால்மீகி மக்களின் கோயிலும் இதே சாலையைச் சார்ந்தவை. பள்ளிகளும் பல. 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றும் இங்கே நடைபெறுகின்றது. சாலையின் மேற்கே, ஆரவல்லி மலைத்தொடரின் வால்போல் நீண்டு கிடக்கும் மேட்டுக் காடு தொடங்குகின்றது.

ஒரு சாலையில் இத்தனை சமயங்கள் வாயில் திறந்து நிற்கும் காட்சி இனியதே. ஆனால் அந்தி சாய்ந்ததும் அவரவர் தத்தம் வழியே சென்றுவிடுகின்றனர். வெவ்வேறு சமயத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உறங்கி எழுந்து, ஒரே அடுக்களையில் உண்டு, ஒரே விளக்கின் ஒளியில் படிப்பதற்கு ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் நம் அன்பர் சிலரிடம் எழுந்துள்ளது. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளின் தாய் தந்தையர் நம்மிடம் கேட்கும் முதற் கேள்வி, “கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, தங்க இடம் கிடைக்குமா?” என்பதே. வாடகைக்கு வீடு கேட்கச் சென்ற நம் பிள்ளைகளிடம் ஊரைக் கேட்டு, உணவைக் கேட்டு, முடிவில் குலத்தைக் கேட்டுக் கதவைச் சாத்தியவர் உண்டு. ஆகையால் இவ்வெண்ணம் வெறும் அலங்காரத்துக்காக எழுந்ததன்று.

இது புதிய துயரமும் அன்று. 1917இல் நடந்ததை நினைவு கூர்வோம். பாபாசாகேப் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, பரோடா சமஸ்தானத்தின் பணியை ஏற்கச் சென்றார். அந்த நகரில் அவருக்குத் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதியொன்றில், காவலாளி இசைந்தபடி, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு வந்த பார்சிகள் பலர் அவரைச் சூழ்ந்து, அன்று மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டினர். அவர் இந்து நண்பர் ஒருவரிடம் சென்றார். “நீர் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்” என்றார் அந்நண்பர். கிறித்தவ நண்பர் ஒருவரிடம் சென்றார். ஊரிலிருந்து வரவேண்டிய மனைவியைக் கலந்து கொண்டே சொல்ல இயலும் என்று அவர் நழுவினார். பம்பாய்க்குச் செல்லும் இரயில் இரவில்தான் புறப்படும். அதுவரை ஐந்து மணி நேரம் காமாட்டி பாக் என்னும் பூங்காவில் அமர்ந்திருந்தார் அப்பெருமகன். சுவரும் கூரையும் உடைய வீடுகளெல்லாம் மூடிக்கொண்டபோது, மரங்கள் நின்ற தோட்டம் ஒன்றே அவரை ஏற்றுக்கொண்டது.

இதனை எந்தச் சமயத்தையும் பழிப்பதற்காகக் கூறவில்லை. மூன்று சமயத்தார் இருந்தும் மூன்று கதவுகளும் ஒரே காரணத்தால் சாத்தப்பட்டன என்பதைக் காட்டவே கூறுகின்றோம். சமயம் வேறுபட்டாலும் சாதி என்னும் நோய் வேறுபடவில்லை. அதற்கு 99 ஆண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், ஹைதராபாத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ரோகித் வேமுலா உயிர் நீத்தார். அவரும் தோழர் நால்வரும் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் திறந்த வெளியில் கூடாரமிட்டு இரவுகளைக் கழித்துவந்த நாள்கள் அவை. அதே ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர் தாயாரும் தம்பியும் மும்பையில் பௌத்தத்தைத் தழுவினர். தங்கும் இடம் என்பது ஒரு மாணவனுக்கு எத்துணைப் பெரிய பொருள் என்பதை நாம் இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

இனி, நாம் ஓர் இல்லம் அமைப்பதானால் அது எவ்வாறு இருத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை நம் நூல்களிலேயே இருக்கின்றது. தொடக்கக் காலத்தில் பிக்குகளுக்கு வீடு இல்லை. காட்டிலும், மரத்தடியிலும், மலைச்சரிவிலும் உறங்கிக் காலையில் அமைதியோடு ஊருக்குள் வருவர். இராசகிருக நகரத்து வணிகர் தலைவர் ஒருவர் இதைக் கண்டு உள்ளம் உருகி, உறையுள் அமைத்துத் தர விரும்பினார். பகவன் இசைந்தார். வணிகர் ஒரே நாளில் அறுபது உறையுள்களை எழுப்பினார். “இவற்றை என்ன செய்வது?” என்று அவர் கேட்டபோது, பகவன் தமக்கென்றோ தம்மைச் சூழ்ந்திருந்தவர்க்கென்றோ ஏற்கவில்லை. நான்கு திசைகளிலிருந்தும் வரும் சங்கத்துக்கு, வந்தவர்க்கும் இனி வரப்போகிறவர்க்கும் ஆக அவற்றை அமைத்து விடுமாறு கூறினார்.

அன்பர்களே, இந்த இரு சொற்களைச் சிந்தியுங்கள். ‘வந்தவர்’ என்பதனால் இன்று நம் வாயிலில் நிற்பவர் எத்திசையினராயினும் வரவேற்கப்பெறுகின்றார். ‘வரப்போகிறவர்’ என்பதனால் இன்னும் பிறவாதவரும் அந்த வீட்டில் பங்குடையவர் ஆகின்றார். சமய வேற்றுமையின்றி இல்லம் நடத்துவது முதற் சொல்லுக்கு நாம் செய்யும் கடமை. மண்ணையும் நீரையும் மரத்தையும் பாழாக்காமல் இல்லம் கட்டுவது இரண்டாம் சொல்லுக்கு நாம் செய்யும் கடமை. இவை இரண்டும் தனித்தனித் திட்டங்கள் அல்ல. ஒரே தானத்தின் இரு பகுதிகள்.

முதற் சொல்லை எடுத்துக்கொள்வோம். நாம் துன்பப்பட்டு வந்தவர்கள். நமக்கென ஒரு வீடு வேண்டும், அதில் நம்மவர் மட்டும் அச்சமின்றி வாழவேண்டும் என்ற ஆசை நம்முள் எழுவது இயல்பே. ஆயினும் ‘பௌத்தர்க்கு மட்டும்’ என்று வாயிலில் பலகை எழுதினால், பரோடாவில் சாத்திய கதவை நாமும் ஒருமுறை சாத்தியவர் ஆவோம். நாளந்தாவில் உபாலி என்னும் செல்வர் இருந்தார். நிகண்டர்களாகிய சமணத் துறவிகளுக்கு அவர் இல்லம் நெடுங்காலம் ஊற்றுப்போல் விளங்கியது. அவர் பகவனோடு வாதிட வந்து, தெளிவுற்று, உபாசகரானார். அப்போது பகவன் அவரை நோக்கி, அத்துறவிகள் வந்தால் முன்போலவே உணவளித்துவர வேண்டும் என்று அறிவுறுத்தினார். கொள்கை மாறியதால் வாயிலை அடைக்கும்படி அவர் சொல்லவில்லை. மதம் மாறி வந்த நாம் மனத்தில் பொறித்துக்கொள்ள வேண்டிய வரலாறு இது.

நம் மணிமேகலையும் இதற்குச் சான்று. வஞ்சி மாநகரில் அவள் பல சமயக் கணக்கரிடமும் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டறிந்தாள். கேட்டபின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்டுத் தவம் பூண்டாள். பிற சமயத்தைக் கேட்க அஞ்சுகிற உறுதி, உறுதியாகாது. அக்காஞ்சியைச் சேர்ந்த தருமபாலர் வடக்கே சென்று நாளந்தா மகாவிகாரையின் தலைவராகத் திகழ்ந்தார் என்று சீனப் பயணி யுவான் சுவாங் எழுதிவைத்துள்ளார். அந்த நாளந்தாவில் பௌத்த நூல்களோடு வேதமும் தருக்கமும் இலக்கணமும் மருத்துவமும் பயிலப்பெற்றன. தமிழகத்திலிருந்து ஒருவர் வடநாட்டு மாணவர் இல்லத்துக்கு வழிகாட்டியாக இருப்பது நமக்குப் புதிதன்று.

எல்லாச் சமயத்தார்க்கும் வாயில் திறப்பதனால் சாதிக்கும் வாயில் திறந்ததாகக் கொள்ளலாகாது. இதில் நாம் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். ஒருமுறை பகவனும் பிக்குகளும் சிராவஸ்தியை நோக்கி நடந்தபோது, சிலர் முன்னே ஓடிச்சென்று நல்ல இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டனர். பின்னே வந்த சாரிபுத்தருக்கு இடமில்லை. அவர் இரவு முழுதும் மரத்தடியில் அமர்ந்திருந்தார். விடியற்காலையில் அதனை அறிந்த பகவன் பிக்குகளைக் கூட்டி, “முதல் இருக்கையும் முதல் உணவும் யாருக்கு உரியவை?” என்று வினவினார். அரச குலத்திலிருந்து துறவு பூண்டவர்க்கு என்றனர் சிலர். அந்தண குலத்திலிருந்து வந்தவர்க்கு என்றனர் சிலர். நூல் வல்லார்க்கு என்றனர் வேறு சிலர். பகவன் அவை ஒன்றையும் ஏற்கவில்லை. ஆலமரத்தடியில் வாழ்ந்த கௌதாரியும் குரங்கும் யானையும், தம்முள் மூத்தது எது என்று ஆராய்ந்து, சிறிய உயிராகிய கௌதாரியையே மூத்ததெனக் கண்டு வணங்கிய கதையைக் கூறினார். மூப்புக்கு மதிப்பே அன்றிக் குலத்துக்கு மதிப்பில்லை என்று விதித்தார். மூத்தவர் என்பதற்காகப் பொது இடத்தைத் தமக்கே ஒதுக்கிவைத்தலும் தகாது என்று உடன் விதித்தார்.

ஆகவே நம் இல்லத்தின் விண்ணப்பத்தில் சாதி கேட்கும் கட்டம் இருத்தலாகாது. தீண்டாமையைச் சொல்லாலோ செயலாலோ காட்டியவர், எச்சமயத்தவராயினும், அவ்வில்லத்தில் தொடர்ந்து தங்கலாகாது. பெண்மக்கள் பகுதிக்கு ஒரு நேரக் கட்டளை, ஆண்மக்கள் பகுதிக்கு வேறொரு கட்டளை என்பதும் கூடாது. அறை ஒதுக்குவதற்குத் தப்ப மல்லபுத்தரின் முறை நமக்கு நல்ல வழிகாட்டி. சூத்திரங்களை ஓதுவோரை ஓரிடத்திலும், தியானம் செய்வோரை ஓரிடத்திலும், ஒருவர்க்கொருவர் இடையூறின்றி அவர் தங்கவைத்தார். வீண்பேச்சிலும் உடற்பயிற்சியிலும் நாட்டமுடையவர்க்கும்கூட அவர் ஒரு தனிப்பகுதி ஒதுக்கினார் என்று விநயம் கூறுகின்றது. அவர்களும் இன்புறட்டுமே என்பது அவர் கருத்து. இரவு நெடுநேரம் படிப்போர், விடியலில் எழுவோர் என்று பழக்கத்தை நோக்கி இடம் வகுத்தால், ஓரறையில் ஒரு முசுலீம் மாணவரும் ஒரு கிறித்தவரும் ஒரு பௌத்தரும் இயல்பாகவே கூடுவர். சமயத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டால், மந்திர் மார்க்கின் மதில்களையே நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களாவோம்.

வழிபாட்டுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் அறை கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. நியூயார்க்கில் ஐக்கிய நாட்டு அவையின் செயலாளராயிருந்த டாக் ஹாமர்ஷெல்டு 1957இல் மௌன அறை ஒன்றை அமைத்தார். அதன் நடுவில் பெரியதோர் இரும்புக் கற்பாறை மட்டும் உண்டு. அதன்மேல் ஓர் ஒளிக்கற்றை விழும். எச்சமயத்தின் சின்னமும் அங்கே வைக்கப்பெறவில்லை. அத்தகைய அறையொன்று நமக்குப் போதும். தொழுகை செய்பவர் செய்யட்டும், செபிப்பவர் செபிக்கட்டும், நாம் திரிசரணம் சொல்லி அமர்வோம். கடவுளை ஏற்காத மாணவரும் அங்கே அமைதியாக அமரலாம்.

கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்க வேண்டா. 1946-47இல் காந்தியார் மந்திர் மார்க்கின் வால்மீகி கோயிலில் தங்கியிருந்தார். 1947 ஏப்ரலில், அவருடைய மாலைப் பிரார்த்தனையில் குர்ஆன் ஓதுவதைச் சிலர் எதிர்த்தனர். அவர் குர்ஆனை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றைத் தொடர உடன்படவில்லை. எதிர்த்தவரை வெளியேற்றித் தொடரவும் விரும்பவில்லை. பிரார்த்தனையையே நிறுத்திவைத்துப் பேசினார். எதிர்ப்பு நீங்கிய பின்னரே மீண்டும் தொடங்கினார். பாபாசாகேபுக்கும் காந்தியாருக்கும் இருந்த ஆழ்ந்த வேற்றுமையை நாம் மறப்பவர்கள் அல்லர். ஆயினும் அந்த மாலைகளில் அவர் கைக்கொண்ட முறை ஓர் இல்லத்துக்கு ஏற்றது.

அடுக்களைதான் மிகக் கடினமான இடம். இன்று விடுதிகளில் எழும் பூசல்களுள் பல உணவைப் பற்றியவை. இங்கும் பகவன் நடுவழியையே காட்டினார். தேவதத்தன் ஐந்து கட்டளைகளை எல்லோர்க்கும் விதியாக்க வேண்டும் என்று கேட்டான். மீனும் ஊனும் உண்ணலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பகவன் அவற்றை எல்லோர்க்கும் விதியாக்க மறுத்தார். ஊன் மறுத்தல் உயர்ந்த நோன்பு. அதனை மேற்கொள்வோரை நாம் வணங்குகின்றோம். ஆனால் ஒருவர் நோன்பு இன்னொருவர் தட்டின்மேல் ஏறுமானால் அது ஆணவமாகிவிடும். இரண்டு அடுப்பும், தனித்தனிப் பாத்திரங்களும், ஒரே உணவுக்கூடமும் அமைத்தால் பெரும்பாலான பூசல் தீரும். மிச்சத்தை மாணவர்களே கூடிப் பேசித் தீர்க்கட்டும், அதுவும் கல்வியே.

இனி இரண்டாம் சொல்லாகிய ‘வரப்போகிறவர்’ என்பதற்கு வருவோம். கோசாம்பியில் சன்னர் என்னும் பிக்குவுக்கு ஓர் உபாசகர் விகாரை கட்டித்தர முன்வந்தார். மனையைத் திருத்துவதற்காகச் சன்னர் ஒரு பெரிய மரத்தை வெட்டிவிட்டார். அது ஊராரும் நகரத்தாரும் போற்றி வணங்கிவந்த மரம். மக்கள் கொதித்தெழுந்தனர். அதன்மேல் பகவன், விகாரை கட்டுவதற்கு முன் மற்றப் பிக்குகளை அழைத்து மனையைக் காட்டவேண்டும். அங்கே உயிர்களுக்குத் துன்பம் நேரலாகாது. சுற்றிலும் இடம் விட்டிருக்க வேண்டும் என்று விதித்தார். ஒரு பிக்கு தமக்கெனத் தாமே கட்டும் குடிலின் அளவையும் நீளம் பன்னிரண்டு சாண், அகலம் ஏழு சாண் என்று வரையறுத்தார். எறும்புப் புற்றும் பிற உயிர்களின் உறைவிடமும் உள்ள நிலம் ஆகாது என்பது அவ்விதியின் கருத்து. கட்டடம் கட்டுமுன் சூழலை ஆராயும் இக்காலச் சட்டங்களுக்கு ஈராயிரத்தைந்நூறு ஆண்டு முந்தியது இந்த விதி.

மந்திர் மார்க்கின் மேட்டுக் காட்டை நோக்கி இதனைச் சிந்திப்போம். மயிலும் நரியும் வாழும் இடம் அது. அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேல் அங்கே பெரும்பரப்பைக் கவர்ந்துகொண்டது. அதன் குணத்தை நம் இராமநாதபுரத்தார் நன்கறிவர். ஆகவே நம் இல்லத்தின் முதல் விதி, நிற்கும் மரத்தை வெட்டாமல் அதற்கு ஏற்பச் சுவரை வளைத்தல். இரண்டாம் விதி, அந்நிலத்துக்கு உரிய வேம்பு, அரசு, நாவல் முதலிய மரங்களை முற்றத்திலும் எல்லையிலும் நடுதல். தில்லியிலேயே, பெரோசு ஷா கோட்டையில் நிற்கும் அசோகர் தூணில், சாலையோரம் ஆலமரம் நட்டதும், மாந்தோப்பு வைத்ததும், கிணறு தோண்டியதும், தங்குமிடம் அமைத்ததும் பொறிக்கப்பட்டுள்ளன. மனிதர்க்கும் விலங்குக்கும் நிழலாகட்டும் என்று அம்மன்னர் கருதினார். மரமும் நீரும் தங்குமிடமும் அவருக்கு ஒரே தருமமாக இருந்தன.

சுவரைப் பற்றிச் சில கூறுவோம். தில்லியில் கோடையில் வெப்பம் 45 பாகையை எட்டும். பாலைக் காற்று வீசும். மார்கழியில் குளிர் எலும்பை ஊடுருவும். கண்ணாடியால் மூடிய கட்டடம் கோடையில் அடுப்பாகும். அதனைக் குளிரூட்ட ஆண்டு முழுதும் மின்சாரத்தைத் தின்னும். நடுவில் முற்றமும், சுற்றிலும் தாழ்வாரமும், தடித்த சுவரும், துளையிட்ட சாளரமும் உடைய பழைய முறை இன்றும் சிறந்ததே. பழைய நாளந்தாவில் அகழ்ந்தெடுத்த விடுதிகளும் நடுமுற்றத்தைச் சூழ்ந்த அறைகளாகவே உள்ளன. 2024இல் திறக்கப்பெற்ற புதிய நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் வளாகமும், தான் செலவிடும் ஆற்றலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் நோக்கோடு, நீர்நிலைகள் சூழ அமைக்கப்பெற்றுள்ளது. கேரளத்தில் பணிசெய்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் குவேக்கர் சமயத்துச் சிற்பி, செங்கல்லைக் குத்தி நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். அதனால் செங்கல் ஏறத்தாழக் கால்பங்கு குறையும். இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். அவரும் மரத்தை விட்டுச் சுவரை வளைத்தவரே. பிற சமயத்து நல்லோரிடம் நாம் கற்க வேண்டியவை பல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நீர்க் கணக்கையும் பார்ப்போம். தில்லியில் ஆண்டு மழை சற்றேறக்குறைய 750 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஆடி, ஆவணி, புரட்டாசியில் பெய்துவிடும். 400 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 2,40,000 லிட்டர் கிடைக்கும். நாற்பது மாணவர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் செலவிட்டால், அந்நீர் அறுபது நாளைக்கே போதும். ஆதலின் மழைநீர்த் தொட்டி கட்டிவிட்டோம் என்று பெருமை கொள்வது மட்டும் போதாது. குளித்த நீரைத் தெளிவித்துக் கழிப்பறைக்கும் மரத்துக்கும் அனுப்பவேண்டும். எஞ்சிய மழையை நிலத்துக்குள் இறக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவைக் குறைக்கவேண்டும். கூரையில் 100 சதுர மீட்டரில் சூரிய ஒளித் தகடுகள் அமைத்தால் நாளொன்றுக்கு நாற்பது அலகு மின்சாரம் கிடைக்கலாம். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். அறைதோறும் குளிரூட்டி வைத்தால் போதாது. கருவிகள் எத்தனை வந்தாலும், போதும் என்னும் மனத்தை உண்டாக்கும் கருவி இன்னும் வரவில்லை.

அம்மனத்தை ஆனந்தரிடம் காண்கின்றோம். உதயண மன்னனின் தேவியர் அவருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர். “ஒரு துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு? துணிக்கடை வைக்கப்போகிறாரா?” என்று மன்னன் சினந்து அவரிடமே கேட்டான். கந்தை உடுத்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். பழைய கந்தைகளை என்ன செய்வீர்? மேல்விரிப்பு ஆக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரை விரிப்பாக்குவோம். அது நைந்தால்? கால் துடைக்கும் துணி ஆகும். அதுவும் நைந்தால்? தூசு தட்டப் பயன்படும். அதன் பின்? துண்டு துண்டாக்கிச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம். எதனையும் வீணாக்காத இவர்களுக்கு இன்னும் கொடுக்கலாம் என்று மகிழ்ந்த மன்னன் மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தான். நம் இல்லத்தில் குப்பைத் தொட்டியின் அருகே எழுதிவைக்கத் தக்க வரலாறு இது. அடுக்களைக் கழிவு எருவாகட்டும். படித்து முடித்த மாணவன் விட்டுச்செல்லும் மேசையும் கம்பளியும் புத்தகமும் அடுத்து வருபவனுக்கு ஆகட்டும். இடித்த வீட்டின் செங்கல்லும் கதவும் நம் சுவருக்கு ஆகட்டும். புறப்படும்போது கட்டிலை எடுத்து வைக்காமலும், சொல்லாமலும் போகிற பிக்குவுக்குக் குற்றம் விதித்த விநயம், விளக்கையும் விசிறியையும் அணைக்காமல் போகிற மாணவனுக்கும் பொருந்தும்.

பொருள் திரட்டுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆளவி நகரத்துப் பிக்குகள் குடில் கட்டுவதற்காக, ஆளைக் கொடு, மாட்டைக் கொடு, வண்டியைக் கொடு, கோடரியைக் கொடு என்று ஓயாமல் கேட்டனர். ஊரார் பிக்குவைக் கண்டாலே வேறு தெருவில் ஒதுங்கினர்; தொலைவில் பசுவைக் கண்டாலும் பிக்கு என்றெண்ணி ஓடினர் என்று நூல் கூறுகின்றது! தருமத்துக்காகக் கட்டும் வீடு மக்களைத் தருமத்திலிருந்து விரட்டலாகாது. ஆகவே சிறியதாகத் தொடங்குவோம். பெரிய மாளிகையைப் பாதியில் நிறுத்துவதைவிடப் பத்துப் பேருக்கு நிறைவான வீடு மேலானது. கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் பொறிப்பதற்குச் செலவிடும் பணத்தில் ஓர் ஏழை மாணவருக்கு ஓராண்டு உணவளிக்கலாம்.

பாபாசாகேப் 1950இல் ஔரங்காபாத்தில் நிறுவிய கல்லூரிக்குக் கேள்வி கேட்ட மன்னனாகிய மிலிந்தன் பெயர் அமைந்தது. அவ்வளாகத்துக்கு விடை கூறிய பிக்குவின் பெயரால் நாகசேனவனம் என்னும் பெயர் அமைந்தது. அயல் நம்பிக்கையிலிருந்து வந்து கேட்பவன் அங்கே கல்லூரியானான். அவனுக்கு மறுமொழி கூறியவர் வனமானார். கேட்பவனுக்கு இடமும் வனத்துக்கு மதிப்பும் உள்ள வீட்டை அவர் நமக்கு முன்பே சுட்டிக்காட்டிச் சென்றிருக்கின்றார்.

அன்பர்களே! இல்லம் எழும் நாள் வரும். அதற்குள் நாம் செய்யத்தக்கன உண்டு. நம்முள் வீடு உடையவர், அடுத்த முறை வாடகைக்கு அறை கேட்டு ஒரு மாணவர் வரும்போது, சாதியும் சமயமும் கேளாமல் கதவைத் திறக்கட்டும். அவர் நம்மவராக இல்லாதபோதே அந்தத் தானம் முழுமை பெறுகின்றது. வாயிலில் ஒரு மரக்கன்றும் நடட்டும். அதன் நிழலில் அமரப்போகிறவரை நாம் காணப்போவதில்லை. 1917இல் பரோடாப் பூங்காவின் மரங்களை நட்டவர்களும், அங்கே யார் வந்து அமரப்போகிறார் என்பதை அறிந்திருக்கவில்லை அன்றோ?

நான்கு திசைகளிலிருந்தும் வந்தவர்க்கும், இனி வரப்போகிறவர்க்கும் நலம் உண்டாகுக! இருப்பிடமின்றி அலையும் பிள்ளைகள் எல்லோரும் இருப்பிடம் பெறுக!

சாது! சாது! சாது!